மகப்பேறும் மக்கள் நம்பிக்கையும்

திருகோணமலைக் கோட்டையின் வாயிலைக் கடந்து, மரநிழலில் மேயும் புள்ளிமான்களைப் பார்த்தவாறு மேட்டுப் பாதையில் ஏறிச் சென்றால் சுவாமிமலை வரும். கோணேசப் பெருமான் கோயில் கொண்டிருக்கும் அம்மலையிலே, கீழே கடல் பாறையில் மோதி இரைய, மேலே காற்று ஓயாது வீச, மரக்கிளைகளிற் சின்னஞ்சிறு தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தொட்டிலும் ஒரு வீட்டின் வேண்டுதல். அதைக் கட்டிய கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையே. அவளுடைய கணவன் அருகில் நின்றிருக்கலாம்; நில்லாமலும் இருந்திருக்கலாம்.

அந்த வேண்டுதலைக் குறை கூறுவது இப்பேச்சின் நோக்கமன்று. பிள்ளை வேண்டித் தெய்வத்தை நாடுவது தமிழர் மரபிலே மிகப் பழையது. திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தியபோது, தேவார ஏட்டிற் கயிறு சாத்திப் பார்க்க, சம்பந்தர் பாடிய திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்ததென்றும், அவர் தம் மனைவியாரோடு அத்தலம் சென்று வழிபட்டு மெய்கண்டதேவரைப் பெற்றாரென்றும் சைவ உலகம் கூறும். கண்ணப்பரின் பெற்றோராகிய நாகனும் தத்தையும் முருகன் சந்நிதியில் இருவருமாக நின்றே வரம் வேண்டினர். தசரதனுக்குத் தேவியர் மூவர். மூவர்க்கும் பிள்ளையில்லாதிருந்த காலத்தில் வேள்விக்கு உரியவனாய் அமர்ந்தவன் அரசனே. பழங்கதைகளிலே கணவனும் மனைவியும் சேர்ந்து சுமந்த அந்தக் குறை, வீட்டுப் பேச்சிலே எவ்வாறோ ஒருத்தியின் குறையாகக் குறுகிவிட்டது. மலடன் என்ற சொல் அகராதியில் உண்டு, ஊர்வாயில் இல்லை. மலடி என்ற சொல்லுக்கோ அகராதியே வேண்டுவதில்லை.

அச்சொல் எத்தகைய கணக்கின்மேல் எழுகின்றது என்பதை முதலிற் பார்க்க வேண்டும். கருத்தடை ஏதுமின்றிக் கணவனும் மனைவியும் 12 மாதங்கள் கூடி வாழ்ந்தும் கரு உண்டாகவில்லையாயின், அப்பொழுதுதான் ஏதேனும் தடை இருக்கலாமென்று மருத்துவம் கொள்கின்றது. மனைவிக்கு வயது 35ஐக் கடந்திருந்தால் 6 மாதங்களே போதும். 100 தம்பதியரை எடுத்துக்கொண்டால், அவர்களில் 80க்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கருவைக் காண்பர். எஞ்சியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடுத்த ஆண்டிற் காண்பர். உடல்நலம் மிக்க இளந்தம்பதியர்க்குங்கூட ஒரு மாதத்திற் கரு உண்டாகும் வாய்ப்பு நாலில் ஒன்று, அல்லது ஐந்தில் ஒன்றுதான். கலியாணமாகி மூன்று மாதம் கழியுமுன்னே “விசேஷம் ஏதும் உண்டோ?” என்று கேட்கத் தொடங்கும் மாமிமாருக்கும் மச்சாள்மாருக்கும் இக்கணக்கை யாராவது சொல்லிவைப்பது நல்லது.

திருகோணமலை மாவட்டத்தில் இக்கணக்குத் தவறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1970களின் பிற்பகுதி முதலாக இலங்கையர் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லத் தொடங்கினர். கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களிலிருந்து அவ்வாறு சென்றோர் பலர். இங்கே கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாட் படகுகளோ வாரக்கணக்கிற் கடலில் நிற்கின்றன. இத்தகைய வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். மணமுடித்து 40 நாளில் மாப்பிள்ளை விமானம் ஏறுகின்றார். இரண்டாண்டு கழித்து இரண்டு மாத விடுமுறையில் வருகின்றார், போகின்றார், மறுபடி இரண்டாண்டு கழித்து வருகின்றார். “கலியாணமாகி ஐந்து வருஷம், இன்னும் ஒரு புழு பூச்சி இல்லை” என்று ஊர் பேசுகின்றது. அவ்விருவரும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் 6 மாதங்கள் நிறையவில்லை. ஓராண்டுத் தேர்வின் பாதியைக்கூட எழுதி முடிக்காத ஒருத்திக்குத் தோல்வி என்று முடிவு கூறியாயிற்று. இந்த அநியாயம் எத்தனை வீடுகளிலே இரண்டாந் திருமணப் பேச்சுவரை போயிருக்கின்றதென்பதை அவ்வூர்களின் பெரியவர்கள் நன்கு அறிவர்.

கூடி வாழும் மாதங்களிலும் எல்லா நாட்களும் ஒன்றல்ல. பெண்ணின் சூலகத்திலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு முட்டை வெளிப்படுகின்றது. அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேலில்லை. ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடு இருக்கவல்லது. ஆகவே, முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய 5 நாட்களுமாக 6 நாட்களே கருவுறுதற்கு ஏற்றவை. அந்நாள் எதுவென்பதை 1920களிலே யப்பானில் ஓகினோ என்ற மருத்துவரும் ஒஸ்திரியாவில் கினௌஸ் என்ற மருத்துவரும் தனித்தனியே ஆராய்ந்து கண்டனர். அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் முட்டை வெளிப்படுகின்றது என்பதே அவர்கள் கண்ட உண்மை. முன்னிருந்து எண்ணுவதன்று, பின்னிருந்து எண்ணுவது. இங்கேதான் பலர் வழுக்குகின்றனர். 28 நாட் சுற்றுடையவளுக்கு அது 14ஆம் நாளை ஒட்டி வரும். 35 நாட் சுற்றுடையவளுக்கோ 21ஆம் நாளை ஒட்டி வரும். தலைமுழுகிய நாலாம் நாளே கருப்பிடிக்கும் நாளென்று பாட்டிமார் சொல்லிவந்ததை நம்பி, அந்த நாளைப் போற்றிவிட்டு மற்ற நாட்களை விட்டவர்கள், கதவு திறக்குமுன்னே தட்டிவிட்டுத் திரும்பியவர்கள் ஆவர். நாட்களை எண்ணுவதே மனச்சுமையாகிவிடுமாயின் எண்ணவும் வேண்டுவதில்லை. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கூடி வாழ்ந்தாற் போதும். ஏற்ற நாள் எதுவாயினும் அது தப்பாது.

இரட்டைப்படை இரவிற் கூடினால் ஆண், ஒற்றைப்படை இரவிற் கூடினாற் பெண் என்பதும் பழைய தருமநூல்கள் கூறும் ஒரு கணக்கு. குழந்தை ஆணா பெண்ணா என்பதை நிறமூர்த்தங்களே தீர்மானிக்கின்றன என்பதை 1905இல் நெற்றி ஸ்ரீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி வண்டினத்தின் விந்தணுக்களை ஆராய்ந்து காட்டினார். தாயின் முட்டையில் எக்ஸ் நிறமூர்த்தமே உண்டு. தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருந்தாற் பெண், வை இருந்தால் ஆண். பெண்ணாகவே பெறுகின்றாளென்று மருமகளைக் கடிந்துகொள்பவர்கள், கடிய வேண்டுமாயின் தம் மகனைத்தான் கடிய வேண்டும்.

இனி, இப்பேச்சின் மையப் பொருளுக்கு வரலாம். பிள்ளையில்லாத தம்பதியரை உலகெங்கும் ஆராய்ந்ததில், ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணின் பக்கத்திலும் ஒரு காரணம் இருப்பது தெரியவந்துள்ளது. சிலரிடத்தில் அது மட்டுமே காரணம். சிலரிடத்தில் இருவர் காரணங்களும் சேர்ந்திருக்கும். இஃது அறியப்பட்டும், மனைவி நாலு வைத்தியரிடம் காட்டி, இரத்தம் கொடுத்து, கதிர்ப்படம் எடுத்து, மருந்துண்டு, மூன்று நாலாண்டு கழிந்தபின்னரே கணவரை ஒரு பரிசோதனைக்கு அழைப்பது நாட்டு வழக்கமாயிருக்கின்றது. எல்லாவற்றுள்ளும் எளியதும் செலவு குறைந்ததும் நோவற்றதும் எதுவோ அதுவே இறுதிக்குத் தள்ளப்படுகின்றது. காரணம் வேறொன்றுமன்று. “என்னில் என்ன குறை? நான் நன்றாகத்தானே இருக்கின்றேன்” என்ற எண்ணம். உடல் வலிமை வேறு, ஆண்மை வேறு, விந்தணு வேறு. தாம்பத்தியத்தில் ஒரு குறையுமில்லாத, வலை இழுத்தாற் பத்துப் பேர் பலம் காட்டுகின்ற ஒருவரின் விந்திலே ஒரு விந்தணுவும் இல்லாதிருக்கலாம். கண்ணாற் பார்த்து அதனைச் சொல்ல முடியாது. நுண்நோக்கி ஒன்றே சொல்லும்.

பரிசோதனைக்கு முன் 2 நாள் முதல் 7 நாள் வரை விலகியிருக்கச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கைந்நூலின்படி ஒரு மில்லிலீற்றரில் 1.6 கோடி விந்தணுக்கள் என்பது கீழெல்லை. அதிலும் குறைந்தால் பிள்ளையே பிறவாதென்பது பொருளன்று. வாய்ப்புக் குறையும் என்பதே பொருள். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். ஆதலால் இன்று எடுத்த பரிசோதனை, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் உடம்பு இருந்த நிலையையே காட்டும். இடையில் கடுங்காய்ச்சல் ஒன்று வந்திருந்தால் எண்ணிக்கை விழுந்திருக்கும். அதனால் ஒரு தாளைக் கண்டு மனமிடியாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

உடற்சூடு பற்றிய நம்பிக்கை ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வரும். “அவளுக்குக் கருப்பை சூடு, அதனாற் கரு தங்குவதில்லை” என்பார்கள். கருப்பை உடலின் உள்ளே, உடலின் சூட்டிலேயே இருப்பது. அவ்வாறே இருக்க வேண்டியது. சூடு ஆகாதது ஆணின் விதைகளுக்கே. உடலுக்கு வெளியே அவை தொங்கும்படி இயற்கை வைத்ததும், உடற்சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக அவை இருக்க வேண்டும் என்பதனாலேயே. நாள்தோறும் நெடுநேரம் வெதுப்பகத்து அடுப்பின் முன்னும் இயந்திர அறையின் வெக்கையிலும் நிற்பவர்களுக்கு இதனால் விந்தணுக் குறைதல் கூடும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியதென்று சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் ஒரு வாளி வீதம் தலையில் வார்ப்பதால் யாருக்கும் ஒன்றும் நேர்ந்துவிடாது. அந்தப் பயம் வேண்டா.

வயது வந்தபின் வரும் கூகைக்கட்டு சிலரின் விதைகளைத் தாக்கிவிடும். விதைப்பையின் நாளங்கள் புடைத்திருப்பது இன்னொரு காரணம். சிலர்க்குச் சத்திரசிகிச்சையாற் பயனுண்டு. புகைபிடித்தலும் மிகுதியான மதுவும் கெடுதி. இக்காலத்து இளைஞர் சிலர் தசை பெருக்குவதற்காக உடற்பயிற்சிக் கூடங்களில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசிமருந்துகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியவை. தோளைப் பார்த்தால் வீமன். தாளைப் பார்த்தாற் பூச்சியம்!

பெண்ணின் பக்கத்துக் காரணங்களிலே பலரறியாத ஒன்று காசநோய். இருமலும் சளியும் இல்லாமலே அந்நோய் முட்டை வரும் குழாய்களைப் பற்றி, சத்தமின்றி அடைத்துவிடும். பாலியல் தொற்றுக்களும் அவ்வாறே. அவற்றைக் கணவரே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவும் கூடும். மறைவிடங்களிற் செய்யும் கருச்சிதைவும் குழாய்க்குப் பகை. சாயநீர் செலுத்தி எடுக்கும் கதிர்ப்படம் குழாய் திறந்திருக்கின்றதா என்பதைக் காட்டும்.

குழாயைப் பற்றிப் பேசும்போது 2004 டிசெம்பர் 26ஐ மறக்க முடியாது. அன்று காலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் ஏறிய அதே கடல், அதே காலையில் மறுகரையில் நாகபட்டினத்தையும் விழுங்கியது. நாகபட்டினத்து மீனவப் பெண்களிற் பலர் இரண்டாவது அல்லது மூன்றாவது பிள்ளையோடு போதுமென்று கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். பெற்ற பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனபின், “இனி நமக்கு ஒன்றுமேயில்லை, குழாயை வெட்டியாயிற்று” என்று அவர்கள் இருந்தனர். வெட்டிய குழாயை மீண்டும் இணைக்க வழியுண்டென்பதை அங்குப் பலர் அப்பொழுதுதான் கேள்விப்பட்டனர். தமிழ்நாட்டு அரசு அத்தாய்மார்க்கு அச்சிகிச்சையைச் செலவின்றிச் செய்விக்க ஏற்பாடு செய்தது. மீண்டும் கருவுற்றோர் உண்டு. குழந்தையைக் கையிலேந்தியோர் உண்டு. சிகிச்சை செய்தும் கருவுறாதோரும் உண்டு. குழாயில் எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கின்றது, முதலில் எவ்வாறு கட்டப்பட்டது அல்லது வெட்டப்பட்டது, தாயின் வயது என்ன என்பவற்றைப் பொறுத்தது அது. எனவே, வெட்டினால் என்றைக்கும் இணையாது என்பதும் சரியன்று. எப்பொழுது வேண்டுமாயினும் இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி எளிதாகச் செய்துகொள்வதும் சரியன்று. பிள்ளையை இழந்த வீட்டில் அடுத்த பிள்ளை அந்த இடத்தை நிரப்புமோ என்பது மருத்துவம் விடை சொல்லும் வினாவன்று.

வயதைப் பற்றியும் ஒரு சொல். பெண் பிறக்கும்போதே அவளுக்குரிய முட்டைகள் முழுவதும் சூலகத்தில் இருக்கின்றன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அவை பருவமடையும்போது மூன்று நான்கு இலட்சமாகி, வாழ்நாளில் 400 அளவே வெளிப்படுகின்றன. 35 வயதுக்கு மேல் எண்ணிக்கையும் தரமும் விரைந்து இறங்கும். “காலம் வரட்டும்” என்று பலன் பார்த்துக் காத்திருப்பது 22 வயதில் தீங்கில்லை. 37 வயதில் அதுவே பெருந்தீங்கு. ஆணுக்கு வயதே தடையில்லை என்பதும் முழு உண்மையன்று. அவர்க்கும் இறக்கம் உண்டு, மெல்ல வரும்.

மற்ற நம்பிக்கைகள் பல சில்லறையானவை. எந்த லேகியமும் அடைபட்ட குழாயைத் திறந்ததில்லை. சேர்மானம் எழுதப்படாத மருந்தை வாங்கி உண்பதில் ஆபத்துண்டு. சூலகத்தில் நீர்க்கட்டி என்றதும் வயிற்றை வெட்ட வேண்டுமென்று அஞ்சுவோர் பலர். பெரும்பாலோர்க்கு அது வேண்டா. உடல் பருத்தவர் எடையிற் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே பலர்க்கு மாதவிடாய் ஒழுங்குபட்டு முட்டை வெளிப்படத் தொடங்கும். தைரொயிட் குறையை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டும். முதற்பிள்ளை தடையின்றிப் பிறந்ததால் இரண்டாவதற்குத் தடை வராதென்பதும் தவறு. “மனக்கவலையை விட்டாற் பிள்ளை வரும்” என்று சொல்வது, கவலைப்படுபவளிடம் அவளுடைய கவலையையும் ஒரு குற்றமாகச் சேர்த்து வைப்பதே. தத்தெடுத்தாற் சொந்தப் பிள்ளை பிறக்கும் என்பர். தத்தெடுத்தபின் பெற்ற நால்வரை ஊர் நினைவில் வைத்திருக்கின்றது. தத்தெடுத்துப் பெறாத நாற்பதின்மரை மறந்துவிடுகின்றது. தத்தெடுப்பவர் அந்தக் குழந்தைக்காகவே எடுக்கட்டும்.

பரிசோதனைக் குழாய்க் குழந்தை என்ற பெயரும் பல தப்பெண்ணங்களுக்கு இடமாயிற்று. குழந்தை குழாயில் வளர்வதில்லை. தாயின் முட்டையையும் தந்தையின் விந்தணுவையும் கண்ணாடிக் கலத்திற் சேர்த்து, சில நாட்கள் வளர்ந்த கருவைத் தாயின் கருப்பையில் வைப்பார்கள், அவ்வளவே. 1978 யூலை 25இல் இங்கிலாந்தில் இவ்வாறு முதலிற் பிறந்த லூயிஸ் பிரவுணின் தாய் குழாய்கள் அடைபட்டு 9 ஆண்டு பிள்ளையின்றி இருந்தவர். அடுத்த சில மாதங்களுக்குள், ஒக்டோபர் 3இல், கல்கத்தாவில் சுபாஸ் முகர்ஜி என்ற மருத்துவரின் முயற்சியால் துர்க்கா பிறந்தாள். அவருடைய கூற்றை அக்காலத்து விசாரணைக் குழு ஏற்கவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னரே அவர் செய்தது உண்மையென ஒப்புக்கொள்ளப்பட்டது. 1986இல் பம்பாயிலும் 1990இல் சென்னையிலும் இம்முறையிற் குழந்தைகள் பிறந்தன. 1992இல் பெல்ஜியத்தில், ஒரேயொரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியாற் செலுத்தும் முறை வெற்றிபெற்றதும், விந்தணு மிகக் குறைந்த ஆடவர்க்கும் தம் பிள்ளையையே பெறும் வழி பிறந்தது. ஆயினும், ஒரு முயற்சியிற் கைகூடுவோரைவிடக் கைகூடாதோரே அதிகம். 40 வயதுக்கு மேல் வாய்ப்பு இன்னும் சுருங்கும். நகையை அடகு வைத்துக் கொழும்புக்குப் புறப்படுமுன், அருகிலுள்ள வைத்தியசாலையில் எளிய பரிசோதனைகள் யாவும் முடிந்தனவா என்று பார்த்துக்கொள்வது புத்தி.

அருகில் என்று சொல்வது வெறும் சொல்லன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல் இந்நாடு கட்டி வளர்த்த ஏற்பாட்டில், ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒரு குடும்பநல மருத்துவமாது இருக்கின்றார். அவர் வயிற்றுப்பிள்ளைத் தாய்மாரை மட்டும் பார்ப்பவர் என்று எண்ணுவது தவறு. அவர் வைத்திருக்கும் குடும்பப் பதிவேட்டில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியர்க்கும் இடமுண்டு. புதிதாய் மணந்தவர்கள் அவரிடம் பதிந்துகொண்டால், கருவுறுமுன்னே உண்ணவேண்டிய போலிக் அமில மாத்திரையும் ருபெல்லாத் தடுப்பூசி பற்றிய விசாரணையும் அங்கேயே ஆகும். ஓராண்டு கழிந்தும் கரு உண்டாகவில்லையாயின் சுகாதார வைத்திய அதிகாரி வழியாகத் திருகோணமலை வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு எழுதிக் கொடுப்பார்கள். செல்லும்போது கடைசி ஆறு மாதத்து மாதவிடாய்த் திகதிகளைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். முன்னர்ச் செய்த பரிசோதனைத் தாள்களையும் எறிந்துவிடாமல் எடுத்துப் போக வேண்டும். இருவரும் போக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவர் பெரும்பாலும் விடுமுறையின் கடைசி வாரத்திலேயே இதனை நினைப்பார். விருந்தும் கோயிலும் கந்தூரியும் முடிந்து, பெட்டி கட்டும்போது நினைத்துப் பயனில்லை. வந்த முதல் வாரத்திலேயே விந்துப் பரிசோதனையைச் செய்துகொண்டால், அதன் முடிவை வைத்து மனைவிக்குச் செய்யவேண்டியவற்றை அந்த விடுமுறைக்குள்ளேயே வைத்தியர் தொடங்கிவிடுவார். தாளில் எண்ணிக்கை குறைந்திருந்தால், அதன் பிரதியொன்றைக் கடவுச்சீட்டோடு வைத்து எடுத்துச் சென்று, மூன்று மாதம் கழித்துச் செய்யவேண்டிய மறுபரிசோதனையை வேலை செய்யும் நாட்டிலேயே செய்வித்து, முடிவை வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம்.